பாம்பின் வயிற்றுக்குக் கீழே

காகிதம் விரித்துப் பாம்பு வளர்ப்பது சோம்பேறித்தனம் என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்கிறது. மரச்சீவலோ நார்த்தூளோ எதைக் கொட்டினாலும் அது அழுக்கையும் நோயையும் மூடி மறைக்கிற போர்வைதான் என்று இன்னொரு தரப்பு அதே உறுதியோடு சொல்கிறது. இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் இந்தப் பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. பந்தாகச் சுருளும் பால் பைத்தானோ (ball python) கார்ன் ஸ்நேக்கோ, எந்தப் பாம்பாக இருந்தாலும் உடம்பின் முழு நீளத்தையும் தரையில் கிடத்தியே காலம் கழிக்கிறது. நமக்குத் தரை என்பது செருப்புக்குக் கீழே இருக்கும் ஒன்று. பாம்புக்கு அதுவே படுக்கை, அதுவே கணப்பு, அதுவே கழிப்பறை. அதனால் தரையைப் பற்றி எவ்வளவு மெனக்கெட்டாலும் தகும் என்பது என் எண்ணம். சப்ஸ்ட்ரேட் என்று வழங்குவதை இங்கே தரை என்றே எழுதுகிறேன். கொட்டிப் பரப்புகிற சீவல், தூள், பட்டை வகைகளை உதிரி என்று வைத்துக்கொள்கிறேன்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதம் வளர்ப்பவரின் கண்ணுக்காகப் போடுகிற தரை. உதிரி பாம்பின் உடம்புக்காகப் போடுகிற தரை. ஒரே கூண்டில், ஒரே பாம்புக்கு, இரண்டுக்கும் காலம் வரும். எதை எப்போது போடுவது என்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது என்னவெல்லாம் சேர்ந்து மாறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாம்புக்குச் சூடு படுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வெள்ளைத் தாள் சொல்லும் சேதி

காலையில் மறைவிடப் பெட்டியைத் தூக்கினால் வெள்ளைத் தாளில் ஒரு பழுப்புக் கட்டி, அதை ஒட்டிச் சுண்ணாம்புக் குழம்பு போல ஒரு வெள்ளைக் கட்டி, சுற்றிலும் ஈரம் பரவிய வளையம். அந்த வெள்ளைக் கட்டிதான் யூரேட், பாம்பின் சிறுநீர்க் கழிவின் கெட்டிப் பகுதி. விரலால் அழுத்தாமலே தெரியும்: வெள்ளையாக அல்லது இளமஞ்சளாக, மெதுவாக, ஈர வளையத்தோடு இருந்தால் பாம்பு போதுமான நீர் குடிக்கிறது. வளையமே இல்லாமல், கற்கண்டுத் துண்டு போல இறுகி மஞ்சளாகக் கிடந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. சளி கலந்திருந்தால், ரத்த இழை ஓடியிருந்தால், பச்சை நிறம் தொடர்ந்து வந்தால், அந்த இடத்துத் தாளை அப்படியே வெட்டி ஒரு மூடியிட்ட டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோகலாம். உதிரியில் இதில் பாதி கூடக் கிடைக்காது. நீர் கீழே இறங்கிவிடும், கட்டியின் மேல் தூள் அப்பிக்கொள்ளும், வளையம் இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும். இரையைக் கக்கினாலும் அப்படித்தான். தாளில் அன்றைக்கே கண்ணில் படும். உதிரியில் புதைந்து நாற்றம் எடுத்த பிறகுதான் தெரியும்.

சிற்றுண்ணி விஷயத்தில் காகிதத்துக்கு இணையே கிடையாது. பாம்பின் செதில் இடுக்கில் ரத்தம் குடிக்கும் இந்த உண்ணி, பேனாவால் வைத்த புள்ளி அளவுதான் இருக்கும். வெதுவெதுப்பான கூண்டில் முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரம் போதும். பெண் உண்ணி வயிறு நிறைந்ததும் பாம்பைவிட்டு இறங்கி, இருட்டும் ஈரமுமான இடுக்கைத் தேடி முட்டையிடும். மரச்சீவல் நிரம்பிய கூண்டு அதற்கு ஆயிரம் அறை கொண்ட சத்திரம். வெறும் வெள்ளைத் தாளில் அதற்கு இருக்கும் இடம் தாளின் அடிப்பக்கம், மடிப்பு, மூலை மட்டும்தான். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடந்தாலோ, கிண்ணத்தின் அடியில் மிளகுப்பொடி தூவினது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தாலோ, ஈரமான வெள்ளை டிஷ்யூவை உள்ளங்கையில் பிடித்துப் பாம்பை அதன் வழியே ஒருமுறை ஊர விடுங்கள். டிஷ்யூவில் ஒட்டிய புள்ளியை நசுக்கினால் செம்பழுப்புக் கோடு இழுபடும். அப்புறம் சந்தேகமே வேண்டாம்.

அதனால் புதிதாக வந்த பாம்புக்குக் காகிதம் தவிர வேறு தரை போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குறைந்தது 60 நாள், முடிந்தால் 90 நாள், மற்றப் பாம்புகளிடமிருந்து தள்ளி, தனி இடுக்கி, தனிக் கிண்ணத்தோடு. காயம்பட்ட பாம்பு, அறுவை முடிந்த பாம்பு, தீப்புண் ஆறுகிற பாம்பு எல்லாவற்றுக்கும் இதே தரைதான். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகளுக்கும் முதல் சட்டை உரிக்கிறவரை நனைத்துப் பிழிந்த டிஷ்யூதான் ஏற்றது. அது நடக்க ஒன்று இரண்டு வாரம் ஆகும்.

எந்தத் தாள், எப்படி விரிப்பது

தாள் என்றால் எல்லாத் தாளும் ஒன்றில்லை. செய்தித்தாள் நீரை உறிஞ்சுவதற்குக் காரணம் அதன் மேல் பூச்சு எதுவும் இல்லாதது. பளபளக்கும் விளம்பரத் தாளில் மெருகுக்காகப் பூச்சு இருப்பதால் சிறுநீர் அதன் மேல் குளமாக நிற்கும், பாம்பு அதில் புரளும். செய்தித்தாளிலும் அச்சு மை வெளிர்நிறப் பாம்பின் வயிற்றில் சாம்பல் பூசிவிடும். அதோடு எழுத்தும் படமும் நிறைந்த பக்கத்தில் கரும்புள்ளி எங்கே தெரியப்போகிறது? உண்ணியைத் தேடத்தான் காகிதம் என்றால் அச்சடிக்காத வெற்று நியூஸ்பிரின்ட் சுருள்தான் வேண்டும். பழுப்பு கிராஃப்ட் தாள் உறுதியானது, ஆனால் மெதுவாக உறிஞ்சும். ஒரு பக்கம் பிளாஸ்டிக் அல்லது மெழுகு பூசிய உணவுத்தாளை எடுத்துவிடாதீர்கள். நல்ல தாளா என்று பார்க்க ஒரு தேக்கரண்டி நீரை ஊற்றுங்கள். பத்து நொடிக்குள் உள்ளே போகாமல் மேலேயே நின்றால் அது கூண்டுக்கு ஆகாது. சமையலறை டிஷ்யூ சுருள் நன்றாக உறிஞ்சும், சின்னப் பாம்புக்குத் தோதானது. வாசனையோ லோஷனோ சேராததாக இருக்க வேண்டும். வளர்ப்புப் பிராணிகளுக்கான உறிஞ்சு பட்டையைச் சிலர் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரமான இரையோடு ஒட்டி உள்ளிருக்கும் ஜெல் பாம்பின் வாய்க்குள் போவதற்கு வழி இருக்கிறது.

நெளி அட்டைச் சுருளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் நெளிநெளியாகவும் வரும் அட்டை அது. நிறைய உறிஞ்சும், சுருங்காது, பாம்புக்குப் பிடிமானமும் தரும். நலமாக இருக்கிற, பலகாலம் இருந்துவிட்ட பாம்புக்கு மிக நல்லது. ஆனால் அந்த நெளிவுக் குழல்கள் உண்ணிக்குப் பிடித்த இடம். ஆகவே புதுப்பாம்பின் கூண்டில் வேண்டாம்.

விரிப்பதிலும் சூட்சுமம் உண்டு. கூண்டின் தரை 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பெரிய தாளாக விரிக்காமல் 48 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டாக வெட்டுங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. நடுவில் 6 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அந்த இணைப்பின் மேல் கனமான ஒரு மறைவிடத்தையோ கல்லையோ வையுங்கள். ஒரு பக்கம் அழுக்கானால் அதை மட்டும் உருவி மாற்றலாம், பாம்பு மற்றப் பக்கத்தில் நிம்மதியாக இருக்கும். நியூஸ்பிரின்ட் என்றால் நான்கு அடுக்கு, டிஷ்யூ என்றால் ஐந்து. அகலத்தைச் சரியாக 45 செ.மீ. வெட்டுங்கள். கூடுதலாக விட்டு ஓரத்தை மடித்தால் அந்த மடிப்பில் பாம்பு மூக்கை நுழைத்து, நெம்பி, முழு உடம்போடு அடியில் போய்விடும். ஓரத்தை ஒட்டிவிடலாமே என்று தோன்றும். ஒட்டும் டேப் எதுவும் கூண்டுக்குள் கூடவே கூடாது. விளிம்பு லேசாகப் பெயர்ந்தால் போதும், பாம்பின் செதில் அதில் ஒட்டிக்கொள்ளும். அது உதற உதற இன்னும் சுற்றிக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் இழுக்காமல் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பசை இளகியதும் செதில் படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாகக் கழற்ற வேண்டும்.

மாற்றும்போது தாளை நான்கு மூலையிலிருந்து உள்நோக்கி மடித்துப் பொட்டலமாக எடுங்கள். அடியில் கறை இருந்தால் முதலில் சோப்பு நீரால் துடைத்து, அதன் பிறகே கிருமிநாசினி. சாதாரண வீட்டு பிளீச் 1 பங்கு, நீர் 10 பங்கு, 10 நிமிடம் ஊற வேண்டும், பிறகு வாடை போகும்வரை கழுவிக் காயவிட வேண்டும். யூரேட்டின் மேல் நேரடியாக பிளீச் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு வரும். பினாயில் வகைகள் பாம்புக்கு நஞ்சு. பாம்பின் இரைப்பையைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி பிளீச்சுக்கு மசியாது. அந்தச் சந்தேகம் இருக்கிற கூண்டின் பொருள் எதையும் வேறு கூண்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நலமாகத் தெரிகிற பாம்பின் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

தாளில் இரை வைப்பது பாதுகாப்பு என்ற நினைப்பிலும் ஒரு ஓட்டை உண்டு. உறையவைத்த எலியைக் கரைத்து ஈரத்தோடு போட்டால் டிஷ்யூ அதில் அப்பிக்கொண்டு பாம்பின் வாய்க்குள் நீளமாக இழுபடும். பாம்பு விழுங்கத் தொடங்கிய பிறகு தாளைப் பிடித்து இழுக்காதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரித்துவிடுங்கள். எலியின் ரோமத்தை முதலிலேயே நன்றாக ஒற்றி எடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

தாளால் ஆகாதது

இவ்வளவும் தாளின் பெருமை. ஆனால் பாம்பு திரும்பத் திரும்பத் தாளுக்கு அடியில் போவதை யோசித்துப் பாருங்கள். அது குறும்பு செய்யவில்லை. தன் முதுகின் மேல் ஏதாவது ஒன்று படிந்திருக்க வேண்டும் என்று அதன் உடம்பு கேட்கிறது. ஹாக்நோஸ் பாம்பின் மேல்நோக்கி வளைந்த மூக்கு மண்ணை நெம்பவே அமைந்தது. கென்ய மணல் போவாவின் வாழ்க்கை பெரும்பாலும் மண்ணுக்குள்தான். இவற்றை ஆண்டுக்கணக்கில் வழுக்குகிற தாளில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தனிமைக் காலத்தில்கூட வெற்றுத் தாளை விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்பிக் கொடுக்கலாம். புழுதி இல்லை, புதைந்துகொள்ள இடம் உண்டு, மாற்றுவதும் சுலபம்.

இன்னொன்று ஈரப்பதம். தாள் நீரை உறிஞ்சும், ஆனால் வைத்திருந்து மெதுவாகக் காற்றுக்குத் தராது. பால் பைத்தானுக்குக் கூண்டுக் காற்றில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் வேண்டும். ஸ்பிரே அடித்தால் அரை மணி நேரம் மீட்டர் ஏறும், பிறகு இறங்கிவிடும். தாள் மட்டும் வயிற்றுக்குக் கீழே நனைந்தே கிடக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த தரையில்தான் வயிற்றுச் செதில் சிவந்து, கொப்புளித்து, அழுகும். காற்று வறண்டிருந்தால் சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாகப் பிய்யும், கண்ணின் மேல் உறை தங்கிவிடும். தாளில் வைத்திருக்கும் காலத்தில் இதற்கு வழி தரையை நனைப்பதல்ல. மூடியுள்ள ஒரு டப்பாவில் பாம்பின் பருமனுக்கு இரண்டு மடங்கு துளை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியைப் பாதி உயரம் நிரப்பி, சூடும் குளிர்ச்சியும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். கண் பால்நிறமாக மங்கியதுமே பாம்பு தானாக அதற்குள் போய்விடும். வலைமூடியில் மூன்றில் இரண்டு பங்கை மறைத்தால் மீட்டரும் நிற்கும்.

தாளை எடுக்கிற நாள்

தனிமைக் காலம் முடிந்தது, கழிவுப் பரிசோதனை நலம், உண்ணி இல்லை. இப்போது உதிரிக்கு மாற்றலாம். பெரும்பாலோர் தாளை உருவிவிட்டு மூட்டையைக் கவிழ்க்கிறார்கள். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கும். தவறு நடப்பது இங்கேதான்.

கூண்டுக்கு அடியில் ஹீட் மேட் எனும் சூடாக்கும் விரிப்பு, அதன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 32 டிகிரி, சென்சார் முனை தாளின் மேல். இதுவரை அது சரியாக வேலை செய்தது, ஏனென்றால் நான்கு தாளின் கனம் வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது. இப்போது அதே இடத்தில் 7 செ.மீ. தேங்காய் மட்டைச் சில்லு. அது வெப்பத்தை விடாத மெத்தை. சென்சாரை மேலே எடுத்து வைக்கிறோம். மேற்பரப்பு 26 டிகிரியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. தெர்மோஸ்டாட் அதன் கடமையைச் செய்கிறது: 32 வரும்வரை மேட்டை அணைப்பதில்லை. மேட் ஓடிக்கொண்டே இருக்கிறது, வெப்பம் மேலே போக வழியில்லாமல் கண்ணாடியில் தேங்குகிறது. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் 45 டிகிரியைத் தாண்டும். மேலே குளிராக இருப்பதை உணர்ந்த பாம்பு வெப்பத்தைத் தேடிக் கீழே தோண்டுகிறது. தோண்டித் தோண்டிக் கண்ணாடியில் போய்ப் படுக்கிறது. சூடு அதிகம் என்று நாம் கையை இழுப்பது போலப் பாம்பு வயிற்றை இழுப்பதில்லை. அங்கேயே கிடக்கும். சில நாள் கழித்து வயிற்றுச் செதிலில் பழுப்புத் திட்டு, பிறகு கொப்புளம். அது உதிரியின் குற்றமே அல்ல. தரையை மாற்றியவர் அடுப்பையும் சேர்த்து மாற்றியிருக்கிறார், தெரியாமலே.

ஆகவே கணக்கு இப்படி. கீழிருந்துதான் வெப்பம் என்றால் மேட்டுக்கு மேல் உதிரி 2 செ.மீ.தான், சென்சார் முனை எப்போதும் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில், கூண்டுக்கு வெளியே. உள்ளே வைத்தால் பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிடும், அல்லது அதன் மேல் சிறுநீர் கழித்துவிடும். ஈரமான முனை குறைவாகக் காட்டும், மேட் எகிறும். பாம்பு தொடக்கூடிய கண்ணாடி எங்குமே 33 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஆழமான உதிரி வேண்டும் என்றால் மேட்டை அணைத்துவிட்டு மேலிருந்து வெப்பம் கொடுங்கள்: செராமிக் விளக்கோ வெப்பப் பலகையோ. விளக்குக்குக் கம்பிக்கூடு கட்டாயம். பிறகு பாம்பை விடாமல் 48 மணி நேரம் வெறுங்கூண்டை ஓடவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் மேற்பரப்பைப் பாருங்கள், கையால் உதிரியை விலக்கி நடுவில் பாருங்கள், விலக்கிய உடனே கண்ணாடியைப் பாருங்கள். மூன்று எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்த உதிரி

கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், ஹாக்நோஸ், மணல் போவா போன்ற வறட்சி தாங்கும் பாம்புகளுக்கு ஆஸ்பென் மரச்சீவல். தோண்டிய சுரங்கம் சரியாமல் நிற்பது இதன் தனிச் சிறப்பு. 8 செ.மீ. உயரம் போட்டால் பாம்பு தன் வழிகளைத் தானே அமைத்துக்கொள்ளும். ஆனால் நனைந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும். கிண்ணத்தை ஒரு ஓட்டின் மேல் வைத்து, சுற்றியுள்ள சீவலை வாரம் ஒருமுறை கையால் துழாவிப் பாருங்கள். சிடார் சீவல் எந்தப் பாம்புக்கும் ஆகாது. மூக்குக்கு மணமாகத் தோன்றும் அதன் எண்ணெய்தான் பாம்பின் மூச்சுக்குழலையும் ஈரலையும் கெடுக்கிறது. பைன் சீவலும் அதே குடும்ப வாசனை என்பதால் நான் தவிர்க்கவே சொல்வேன். சோளக்கதிர்த் துண்டு, வால்நட் ஓட்டுத்தூள், களிமண் பூனைமணல் மூன்றையும் தொடவே வேண்டாம்.

பால் பைத்தான், போவா வகைகளுக்குத் தேங்காய் மட்டைச் சில்லு அல்லது சைப்ரஸ் பட்டை. ரெயின்போ போவாவுக்கு இன்னும் கூடுதல் ஈரம். நைசான நார்த்தூள் தனியாகக் காய்ந்தால் புழுதி பறக்கும், பாம்பின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகளில் அடைத்துக்கொள்ளும். சில்லு 2 பங்கு, தூள் 1 பங்கு என்று கலந்தால் நன்றாக இருக்கும். எவ்வளவு வேண்டும் என்பது எளிய பெருக்கல்: 90 × 45 × 7.5 செ.மீ. என்றால் சுமார் 30 லிட்டர். 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்று 4 லிட்டர் வெந்நீரில் ஊறினால் 7, 8 லிட்டர் வரை உப்பும். உப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் நல்ல நீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள்.

பதம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது. கையை விரித்தால் கொழுக்கட்டை போலப் பிடித்த பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதற்கு மேல் ஈரம் என்றால் ஒரு நாள் தாளில் பரப்பி ஆற்றுங்கள். கூண்டுக்குள் போன பிறகு மேலே ஸ்பிரே அடிக்காமல், மூலைகளில் கண்ணாடியை ஒட்டி அரை லிட்டர் நீரை ஊற்றுங்கள். நீர் அடியில் பரவி மேலே ஆவியாகும். மேல் 2 செ.மீ. தொட்டால் காய்ந்தே இருக்க வேண்டும். அடி ஈரம், மேல் உலர்வு. வயிற்றுச் செதில் எங்காவது இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் தயங்காமல் அன்றைக்கே தாளுக்குத் திரும்புங்கள். அதைத் தோல்வியாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

புதுத் தரையில் விடும்போது பழைய மறைவிடங்களைக் கழுவாமல் அப்படியே, அதே இடத்தில் வையுங்கள், அதன் சொந்த வாடை அதற்கு வேண்டும். கிண்ணத்துக்கு அடியில் மட்டும் ஒரு துண்டு வெள்ளைத் தாளை மடித்து விடுங்கள். வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் தூக்கும்போது அதில் கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முதல் இரண்டு மூன்று நாள் பாம்பு முழுக்கப் புதைந்துகொண்டு கண்ணிலேயே படாது. தோண்டிப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, மாலையில், ரோமம் உலர்ந்த எலியை இடுக்கியில் பிடித்து மறைவிடத்தின் வாயருகே காட்டுங்கள்.